லினக்ஸில் படம் ஓடாத கதை

உங்கள் கணிப்பொறியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் பார்க்க வி.எல்.சி. என்னும் பிளேயர் மென்பொருள் வேண்டும். டெபியன் ஆனாலும் உபுண்டு ஆனாலும் ஒரே வரிக் கட்டளை போதும். சற்று நேரத்தில் அது வந்து அமர்ந்துவிடும். இனி, கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரு திரைப்பட டி.வி.டி. தட்டைச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் படம் வராது. 'லிப்டிவிடிசிஎஸ்எஸ்' என்ற சிறிய நிரல் ஒன்றையும் தனியாக நிறுவினால்தான் ஓடும். அந்தச் சிறிய நிரலை முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட நாம் நார்வே நாட்டு நீதிமன்றம் ஒன்றுக்குப் போயாக வேண்டும்.

டி.வி.டி. 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. படத்தைப் பிறர் பிரதி எடுத்துவிடுவார்களே என்ற அச்சம் பட நிறுவனங்களுக்கு. எனவே தட்டிலுள்ள படத்தைக் கலைத்துப் பதியும் முறை ஒன்றை வகுத்தார்கள். சி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். இதை ஓர் இரும்புப் பெட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டியின் சாவியும் அதே தட்டில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாவியைச் சுமார் 400 சிறு பெட்டிகளில் தனித்தனியே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பிளேயர் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் கட்டணம் செலுத்தி, இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டு, ஒரு சிறு பெட்டிக்கான சாவியைப் பெற்றுக்கொள்ளும்.

லினக்ஸுக்கு இடி விழுந்தது இங்கேதான். லினக்ஸ் உலகின் மென்பொருள்களில் மூல நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கும். அதில் இரகசியச் சாவியை எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையிலேயே மாட்டிவைப்பது போலாகும். விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு உரிமம் பெற்ற பிளேயர்கள் வந்துவிட்டன. லினக்ஸ் வைத்திருந்தவரோ, அதே தட்டை அதே விலைக்கு வாங்கியும் பார்க்க முடியாமல் இருந்தார்.

பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதையும் பார்ப்போம். சாவி என்பது 40 பிட் நீளமுள்ள ஓர் எண். அப்படிப்பட்ட எண்கள் ஏறத்தாழ 1,10,000 கோடி உண்டு. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் கணிப்பொறிக்கு இது மலைப்பான வேலையன்று. போதாக்குறைக்கு அமைப்பிலேயே குறைகள் இருந்தன. கணித நோக்கில் ஆராய்ந்தபோது, ஒரு தட்டின் சாவியைக் கண்டுபிடிக்கச் சில கோடி முயற்சிகளே போதும் என்று தெரிந்தது. சாதாரண வீட்டுக் கணிப்பொறிக்கு அது சில நொடி வேலை.

பூட்டு முதலில் திறந்தது வேறு வழியில். விண்டோஸுக்கான பிளேயர் ஒன்றில் சாவியைச் சரியாக மறைக்காமல் விட்டிருந்தார்கள். 1999 அக்டோபரில் 'டிசிஎஸ்எஸ்' என்னும் சிறு நிரல் வெளியாயிற்று. வெளியிட்டவர்களில் பெயர் தெரிந்தவர் ஒருவர்தான்: நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். அப்போது அவருக்கு வயது 15.

2000 ஜனவரியில் போலீசார் அவர் வீட்டுக்கு வந்து கணிப்பொறியை எடுத்துச் சென்றனர். அமெரிக்கப் பட நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுத்திருந்தது. பிறருடைய தகவலுக்குள் பூட்டை உடைத்து நுழைந்தார் என்பது வழக்கு. அவரோ, தாம் வாங்கிய தட்டை லினக்ஸில் பார்க்க விரும்பியதாகச் சொன்னார். மூன்று ஆண்டு இழுபறிக்குப் பின், 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒருவர் முறையாக வாங்கிய தட்டைத் தாமே திறந்து பார்ப்பது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அங்கும் விடுதலையே கிடைத்தது.

அமெரிக்காவில் நடந்ததோ நேர் எதிர். 2000ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, இந்த நிரலை வெளியிடக்கூடாது என்று '2600' என்னும் பத்திரிகைக்குத் தடை விதித்தது. உடனே மக்கள் அதைச் சட்டைகளில் அச்சடித்து அணிந்துகொண்டார்கள். 2001இல் ஃபில் கார்மோடி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். சுருக்கப்பட்ட அந்த நிரலையே ஓர் எண்ணாகப் படிக்கும்படி, 1401 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார்! ஓர் எண்ணைத் தடை செய்ய இயலுமா?

பெரிய அச்சு இயந்திரம் வைத்துத் திருட்டுத் தட்டு அடிப்பவருக்குப் பூட்டைத் திறக்கும் தேவையே இல்லை. பூட்டோடு சேர்த்து அப்படியே அச்சடித்துவிடலாம். ஆகவே இந்தப் பூட்டு திருடனைவிட, நேர்மையாக வாங்கியவரையே அதிகம் தொல்லைப்படுத்தியது என்பது என் கருத்து.

இதே காலத்தில் பாரீசில் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் வேறொரு வேலையில் இருந்தார்கள். விளையாட்டுகளுக்கு ஏற்ற வேகமான வலையமைப்பு விடுதிக்கு வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்குச் சாக்காக, விடுதி முழுவதற்கும் தொலைக்காட்சிப் படத்தைக் கம்பி வழியே அனுப்பும் திட்டத்தை 1996இல் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் வி.எல்.சி. 2001 பிப்ரவரியில் கல்லூரி அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட இசைந்தது. மாணவர்கள் சாலையிலிருந்து பொறுக்கிச் சேர்த்திருந்த ஆரஞ்சுக் கூம்பே அதன் சின்னமாயிற்று. நாம் தொடக்கத்தில் கண்ட சிறிய நிரலும் அவர்களுடைய படைப்பே. அது எவரிடமிருந்தும் சாவி கேட்பதில்லை. தானே கணக்கிட்டுக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அதைச் சேர்த்துக் கொடுக்க டெபியன் துணியவில்லை. பதிலுக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். 'லிப்டிவிடி-பிகேஜி' என்ற பொதியை நீங்கள் நிறுவினால், அது மூல நிரலை வேறிடத்திலிருந்து தருவித்து உங்கள் கணிப்பொறியிலேயே தொகுத்துவிடும். செய்தவர் நீங்கள், டெபியன் அல்ல!

பாட்டுக்கும் இதுபோல் ஒரு தடை இருந்தது. எம்பி3 முறைக்கு ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் பிறரும் காப்புரிமை வைத்திருந்தார்கள். கட்டண வழக்குக்கு அஞ்சி, 2002இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 8.0 எம்பி3 வசதியையே நீக்கிவிட்டது. ஆனால் காப்புரிமைக்கு ஆயுள் வரம்பு உண்டு. 2017 ஏப்ரலில் உரிமம் வழங்கும் திட்டத்தை ஃபிரான்ஹோஃபர் முடித்துக்கொண்டது. அதனால்தான் இன்று எம்பி3 பாட்டு எந்தக் கூடுதல் நிரலும் இன்றி ஒலிக்கிறது.

புதிய படச் சுருக்க முறைகளுக்குக் காப்புரிமைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நீங்கள் ஃபெடோரா வைத்திருந்து எச்.265 முறையில் பதிந்த படம் ஓடாமல் நின்றால், கணிப்பொறியைக் குறை சொல்லாதீர்கள். 'ஆர்பிஎம் ஃபியூஷன்' என்னும் வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொண்டு, அங்கிருந்து தேவையானவற்றை நிறுவுங்கள், படம் ஓடும்.