பிரான்சில் சுற்றுலாப் பயணிகளின் பாதுகாப்பு

பிரான்சில் சுற்றுலாப் பயணிகளின் பாதுகாப்பு என்பது அந்நாட்டுக்குக் குறுகிய காலம் செல்வோர் அறிய வேண்டிய முன்னெச்சரிக்கைகளைக் குறிக்கும். புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அப்பகுதிக் குடும்பங்கள் பல பிரான்சில் வாழ்வதால், உறவினரைக் காணச் செல்வோருக்கும் இவை பொருந்தும்.

திருட்டும் ஏமாற்றும்

பாரிசில் ஈபெல் கோபுரம், லூவர் அருங்காட்சியகம், மெட்ரோ தொடர்வண்டி போன்ற நெரிசல் மிகுந்த இடங்களில் பணப்பைத் திருட்டு மிகுதி. மனுவில் கையொப்பம் கேட்டுச் சூழ்ந்துகொள்வதும், கீழே கிடந்ததாக மோதிரம் ஒன்றைக் காட்டிப் பணம் பறிப்பதும் அறியப்பட்ட ஏமாற்று வழிகள் ஆகும்.

கடவுச்சீட்டு தொலைந்தால்

முதலில் காவல் நிலையத்தில் முறையிட்டு, அதற்கான சான்றைப் பெற வேண்டும். பின்னர் இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் பாரிசிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். நாடு திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் வழங்கும். கடவுச்சீட்டு, நுழைவிசைவு (விசா) ஆகியவற்றின் நகல்களைத் தனியே வைத்திருப்பது இப்பணிகளை எளிதாக்கும்.

காப்பீடு

ஷெங்கன் நுழைவிசைவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். இவ்விதி மருத்துவச் செலவு, நாடு திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றையே குறிக்கிறது. திருட்டு இழப்புக்குத் தனிக் காப்பீடு தேவைப்படலாம்.

அவசரத் தொலைபேசி எண்கள்

112 - பொது (ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும்)
15 - மருத்துவ உதவி
17 - காவல்துறை
18 - தீயணைப்பு
114 - செவித்திறன் குறைந்தோர் (குறுஞ்செய்தி வழி)