பரிசிலும் வரிசையும்

பண்டைத் தமிழகத்துப் புலவர்கள் அரசர் வாயிலில் நின்று பொருள் கேட்ட செய்தியைப் படிக்கும்போது, அதனை யாசகம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு மேலே செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த அபிப்பிராயம் அவர்களுக்குப் பெரிய அநீதி செய்கிறது. பாடாண்திணைக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், வாயிலில் நின்று வரவை அறிவிப்பதையும், பரிசில் வேண்டி வற்புறுத்துவதையும், பெற்றபின் விடைகொள்வதையும் தனித்தனித் துறைகளாக வைத்து எண்ணுகிறார். கேட்பதற்கென்று ஒரு முறையும் கௌரவமும் நிலைத்திராவிட்டால் அது இலக்கண நூலில் ஏறியிருக்குமா?

1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில் அந்த முறையைப் பிரத்தியட்சமாகக் காணலாம். முதிரமலைத் தலைவனாகிய குமணனிடம் சென்ற பெருஞ்சித்திரனார் தம் வீட்டு நிலையைச் சிறிதும் மறைக்கவில்லை. குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைப் பறித்து, உப்பும் மோரும் சோறும் இன்றி வெறும் நீரில் வேகவைத்து உண்ணும் மனைவி. ஒன்றும் இல்லாத பாத்திரத்தைத் திறந்து பார்த்து அழும் மகன். அவனைப் புலி வருகிறது என்று அச்சுறுத்தியும், நிலவைக் காட்டியும் அடக்க முயன்று தோற்கும் தாய் என்று அனைத்தையும் அரசன் கண்முன் நிறுத்துகிறார். இவ்வளவு சொல்லிய பிறகு அவர் விதிக்கும் நிபந்தனைதான் வியப்புக்குரியது. மனமின்றித் தருவது கொல்களிறே ஆயினும் வேண்டாம். உவந்து தருவது ஒரு குன்றிமணி அளவே ஆயினும் ஏற்பேன் என்கிறார். பசித்த வீட்டை விட்டு வந்தவர் சொல்லும் வார்த்தை இது!

அவர் உண்மையில் நாடியது என்ன என்பது அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நேர்ந்த சம்பவத்தால் விளங்குகிறது. அதியமான் அவரை நேரில் காணாமலே பரிசிலை அனுப்பிவைத்தான். பெருஞ்சித்திரனார் அதைத் தொடவில்லை. தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் புலமையின் அளவை அறிந்து தந்தால் தினையளவும் இனியது என்றும் சொல்லி அனுப்பினார். தம் கல்வியைப் பற்றிய யதார்த்தமான மதிப்பீட்டையே அவர் கேட்டார். பொருள் அதற்கு அடையாளம். இளவெளிமான் தரம் அறியாமல் சிறிது கொடுத்தபோது அதை மறுத்துச் சென்று, குமணனிடம் பெற்ற யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிய செய்கையும் இதே மனநிலையில் எழுந்ததுதான். அதில் சினம் இருக்கிறது என்று சிலர் குறை கூறலாம். அந்தச் சினம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

கபிலர் இதே கருத்தைச் சினமின்றி, மலையமான் திருமுடிக்காரிக்கு உபதேசமாகவே சொன்னார். நாற்றிசையிலிருந்தும் பரிசிலர் வருவார்கள். வாரிக் கொடுப்பது எளிது, அவரவர் வரிசை அறிவதே அரிது. ஆதலால் புலவர்களை ஒரே தன்மையாக நோக்குவதை விட்டுவிடு என்பது அவர் வாக்கு. கொடையில் பெயர்பெற்ற ஒரு பிரபுவின் முகத்துக்கு எதிரே, அவன் கொடையிலேயே குறை காட்டும் துணிவு சாமானியமானதன்று.

ஆவூர் மூலங்கிழாரின் பாட்டு இதனினும் கடுமையானது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது, இயன்றதை இயலும் என்று தருவதும், இயலாததை இல்லை என்று மறுப்பதும் ஆகிய இரண்டும் நட்பின் பாற்பட்டவை என்றும், இல்லாததை உண்டென்பதும் உள்ளதை இல்லையென்பதுமே இரப்போரை வருத்திப் புரப்போர் புகழைக் குறைப்பவை என்றும் அவன் நேரிலேயே விளக்கினார். பின்னர், உன் புதல்வர் நோயின்றி வாழ்க என்று வாழ்த்திவிட்டு, வெறுங்கையுடன் மனைவியை நினைத்து ஊர் திரும்பினார். களிறும் குன்றிமணியும் பேசிய பெருஞ்சித்திரனார் பாட்டையும், ஒன்றும் பெறாத மூலங்கிழார் பாட்டையும் தொகுத்தவர்கள் பரிசில் கடாநிலை என்னும் ஒரே துறையில்தான் சேர்த்திருக்கிறார்கள்.