டர்னிப்பில் எரிந்த மெழுகுவத்தி

லாப்ரடாரில் ஆப்பிளுக்கு எங்கே போவது? கனடாவின் வடகிழக்குக் கரை. பாதி வருடம் கடலே உறைந்து கிடக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஆராதனையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மெழுகுவத்தி கொடுத்தே தீர வேண்டும்; மொராவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் வழக்கம் அது. 1747இல் ஜெர்மனியின் மரியன்போர்னில், யோகான்னஸ் வாட்டேவில் என்ற ஊழியர் சிவப்பு நாடா கட்டிய மெழுகுவத்திகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஆரம்பித்து வைத்தது. லாப்ரடாரில் மெழுகுவத்தியைச் செருக ஆப்பிள் கிடைக்காததால், அங்கத்திய பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பிள்ளைகளுக்கு அதை டர்னிப்பில் செருகிக் கொடுத்தார்கள். மிஷன் தோட்டத்தில் விளைந்து, கிறிஸ்துமஸுக்கென்றே எடுத்துவைத்த டர்னிப். மெழுகுவத்தி எரிந்து முடிந்ததும் பிள்ளைகள் டர்னிப்பைக் கடித்துத் தின்றுவிடுவார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

இந்தச் சபையார் தரங்கம்பாடிக்காரர்களான எங்களுக்கு அந்நியரல்ல. 1771இல் லாப்ரடாரில் நெய்ன் ஊரை நிறுவுவதற்கு முன்பே, 1760இல் இங்கே வந்து இறங்கி, தோட்டம் போட்டு, 1803 வரை இருந்து பார்த்தார்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில், தரங்கம்பாடிக்கு முதலில் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் பேச்சு வராத மாதமில்லை; இவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்புவித்தால் பென்சில், தடுமாறினால் வெறுங்கை. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

டர்னிப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் சரித்திரம் பாதிதான். லாப்ரடாரில் ஆலயம் கட்டியவர்களே கடையும் வைத்திருந்தார்கள். இனுயிட் மக்கள் கொண்டுவரும் மீன், சீல் எண்ணெய், தோல் எல்லாம் அங்கே பண்டமாக மாறும், கடனும் ஏறும். கிறிஸ்துமஸில் பிள்ளைக்குப் பரிசு கொடுத்த மிஷனிடம்தான் தகப்பனுக்குப் பற்று. 1926இல்தான் வியாபாரத்தை ஹட்சன்ஸ் பே கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

சரக்கெல்லாம் வருடாந்தரக் கப்பலில் வரும். அதன் பெயர் ‘ஹார்மனி’. 1918 இலையுதிர் காலத்தில் அது சரக்கோடு ஸ்பானிஷ் காய்ச்சலையும் இறக்கிவிட்டுப் போனது. ஓகாக் என்ற ஊரில் சுமார் 260 பேரில் 200க்கும் மேற்பட்டவர்கள் சில வாரங்களில் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் வீடுகளைக் கொளுத்திவிட்டு வேறு ஊர்களுக்குப் போனார்கள். ஓகாக் அத்தோடு சரி.

நெய்னில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க இன்னொரு கூட்டமும் உண்டு. கப்பலில் வந்தவர்களல்ல, ஊர்க்காரர்களே. ஜனவரி 6 ராத்திரி, தோலுடையும் முகமூடியுமாக, கையில் தடியோடு உறைந்த கடல்மேல் நடந்து ஊருக்குள் வருவார்கள். நலுயுயிட் என்று பெயர். ‘வருடம் பூரா ஒழுங்காக இருந்தாயா?’ என்று விசாரணை நடக்கும். பிள்ளை ஒரு பாட்டுப் பாட வேண்டும், அப்புறம்தான் பரிசு. ஒப்புவிக்காமல் பரிசு அங்கேயும் கிடையாது பாருங்கள்! சின்னதுகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு முனகும். வெளியே அகப்படுகிறவர்களை நலுயுயிட் துரத்துவார்கள். பெரிய பிள்ளைகள் அந்த ஓட்டத்துக்காகவே தெருவில் காத்து நிற்பார்கள்.