இதயத்துக்குப் பிடித்த கசப்பு

1214-ஆம் ஆண்டு. ஜப்பானின் காமகுரா நகரில் ஷோகன் சானெடோமோவுக்கு முந்தைய நாள் குடித்த மதுவால் உடம்பு முடியவில்லை. பிரார்த்தனைக்காக வந்திருந்த ஜென் துறவி எய்சாய் ஒரு கிண்ணம் தேநீரையும், தேநீரின் பெருமையைச் சொல்லும் ஒரு நூலையும் கொடுத்தார். அந்த நூல் 'கிஸ்ஸா யோஜோகி'.

எய்சாயின் வாதம் எளிமையானது. உடம்பில் ஐந்து உறுப்புகள் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை பிடிக்கும். இதயம்தான் அவற்றுக்குத் தலைமை, அதற்குப் பிடித்தது கசப்பு. நம் ஆட்கள் கசப்பே சாப்பிடுவதில்லை, அதனால் இதயம் நலிகிறது. தேநீர் கசக்கும். ஆகவே தேநீர் குடியுங்கள்.

இதைப் படித்தால் சிரிப்பு வரலாம். எனக்கு வந்தது ஒரு கேள்வி. அந்தக் கசப்பு உண்மையில் எது?

பதில் வர எழுநூறு வருஷம் ஆனது. கொண்டுவந்தவர் மிச்சியோ சுஜிமுரா. 1920-இல் அவர் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே பெண்களை மாணவிகளாகச் சேர்ப்பதில்லை. சம்பளமில்லாத உதவியாளராக ஆய்வகத்தில் வேலை பார்த்தார். பிறகு டோக்கியோ. 1923 நிலநடுக்கத்தில் அங்கிருந்த ஆய்வகமும் அழிந்தது. ரிக்கென் ஆய்வு நிறுவனத்துக்கு மாறினார். 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டசினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். கசப்பில் காஃபீனுக்கும் பங்கு உண்டு. ஆனால் நாக்கை இழுக்கிற அந்தத் துவர்ப்புக் கசப்பு கேட்டசின்களுடையது. 1932-இல் வேளாண் அறிவியலில் முனைவரான முதல் ஜப்பானியப் பெண் அவர். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆளும் அவர்தான்.

கேட்டசின் குடும்பத்தில் தேயிலையில் அதிகம் இருப்பது ஈஜிசிஜி. இதயச் செல் சுருங்க வேண்டுமென்றால் கால்சியம் வந்து ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டவேண்டும். ஈஜிசிஜியும் அதே புரதத்தில் போய் ஒட்டுகிறது, கால்சியத்துக்கு அது காட்டும் உணர்திறனைக் குறைக்கிறது. சில பரம்பரை இதய நோய்களில் அந்த உணர்திறன் அளவுக்கு மீறி இருக்கும். ஆய்வாளர்கள் ஆர்வமானது அதனால்தான். ஆனால் இதெல்லாம் ஆய்வகத்தில் நடப்பது. குடிக்கிற தேநீரிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரும் ஈஜிசிஜி ரொம்பக் கொஞ்சம்.

அப்படியென்றால் குடிப்பவர்களுக்குப் பலன் உண்டா? மியாகி மாகாணத்தில் 1994-இல் தொடங்கி 40,530 பேரைப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட, தினம் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய் மரணங்கள் 26 சதவீதம் குறைவு. தேநீர்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் நிரூபிக்க முடியாது. ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

2014-இல் இன்னொரு முடிவு வந்தது, ஃபுகுஷிமாவிலிருந்து. ஆரோக்கியமான பத்துப் பேர் இரண்டு வாரம் தினமும் 700 மில்லி பச்சைத் தேநீர் குடித்தார்கள். பிறகு ரத்த அழுத்தத்துக்கான நாடோலால் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு 85 சதவீதம் குறைந்திருந்தது, அழுத்தத்தைக் குறைக்கும் வேலையும் மங்கியது. இதயத்துக்கு நல்லது என்று குடித்த தேநீர், இதயத்துக்கான மருந்தையே உள்ளே விடவில்லை.

எய்சாய் தேநீரை மருந்து என்றார். அந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மருந்து என்றால் அளவு கேட்கணும், இன்னொரு மருந்தோடு ஒத்துப்போகுமா என்றும் கேட்கணும். மாத்திரை சாப்பிடுகிற அப்பாவுக்கு ஒரு கிரீன் டீ பாக்கெட் வாங்கிப் போகிறவர்கள், அவருடைய மருந்துச்சீட்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.