ஆர்க்டிக்: எல்லை இடம் மாறிய வரலாறு

ஆர்க்டிக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர், கரடியைக் குறிக்கும் ‘ஆர்க்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். துருவத்தில் வாழும் பனிக்கரடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சங்கப் புலவர்கள் எழுமீன் என்றும், பின்வந்தோர் சப்தரிஷி மண்டலம் என்றும் அழைத்த ஏழு விண்மீன்கள் அடங்கிய கூட்டத்தைக் கிரேக்கர் பெருங்கரடியாகக் கண்டனர். வடக்கு வானில் அது தெரிந்ததால் ‘கரடியின் பக்கம்’ என்பதே வடதிசைக்குப் பெயராயிற்று. குளிர், பனி என்ற பொருளெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

பண்டைக் கிரேக்கத்தில் இந்த ஏழு மீன்களும் இரவு முழுவதும் துருவத்தைச் சுற்றி வருமே தவிர, அடிவானத்துக்குக் கீழே மறைவதில்லை. அப்படி மறையாத விண்மீன்களை உள்ளடக்கிய வட்டத்துக்கே அவர்கள் ஆர்க்டிக் வட்டம் என்று பெயரிட்டனர். அது வானத்து வட்டம். அதிலும் நிலையான அளவில்லாத வட்டம். ஏதென்ஸில் நிற்பவருக்குத் துருவத்திலிருந்து 38 பாகை வரையிலும், அலெக்சாந்திரியாவில் நிற்பவருக்கு 31 பாகை வரையிலும் அது விரியும். சென்னையில் அது வெறும் 13 பாகைதான். அதனால்தான் தமிழ்நாட்டில் சப்தரிஷி மண்டலம் உதித்து மறைகிறது.

இந்த வான்வட்டம் நிலத்துக்கு இறங்கியதற்கு ஒரு மாலுமியும் காரணம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மஸ்ஸாலியாவிலிருந்து, அதாவது இன்றைய மார்செய் நகரிலிருந்து, பித்தியாஸ் வடக்கே கடற்பயணம் போனார். பிரிட்டனுக்கு வடக்கே ஆறு நாள் பயணத் தொலைவில் தூலே என்ற இடம் இருப்பதாகவும், அங்கே ஆர்க்டிக் வட்டமும், கோடையின் நெடும்பகலன்று கதிரவன் வானில் செல்லும் கோடைத் திருப்ப வட்டமும் ஒன்றாகிவிடுவதாகவும் அவர் எழுதினார். இரண்டும் ஒன்றானால், அன்று கதிரவன் மறையாது என்று பொருள். இது சுமார் 66 பாகை அட்சரேகையில் நிகழும். இன்று நிலப்படத்தில் வரையப்படும் ஆர்க்டிக் வட்டத்தின் இலக்கணம் ஏறக்குறைய இதுவே. பித்தியாஸின் நூல் அழிந்துவிட்டது. அவரைப் பொய்யர் என்று ஏசிய புவியியலாளர் ஸ்ட்ராபோவின் எழுத்துதான் இந்தச் செய்தியை நமக்குக் காத்துத் தந்தது. பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப மாறும் வட்டத்தை வைத்து உலகின் மண்டலங்களை வரையறுப்பது தவறு என்று கிரேக்கத் தத்துவஞானி பொசிடோனியஸ் அப்போதே கண்டித்திருந்தார்.

லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391இல் தம் சிறுமகனுக்காக எழுதிய வானளவிக் கருவி பற்றிய நூலில் அது ‘ஆர்ட்டிக்’ என்றே இருக்கிறது. நடுவில் விடுபட்ட ககர ஒலியைக் கிரேக்க மூலத்தைப் பார்த்துப் பிற்காலத்தார் எழுத்தில் சேர்த்தனர். பேச்சில் அதை விழுங்குவோர் இன்றும் உண்டு.

கரடிக்கு எதிர்ப்பக்கம் என்று பொருள்படும் அண்டார்க்டிக், நெடுங்காலம் தென்பாதி உலகம் முழுவதற்கும் வழங்கியது. 1555இல் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய ரியோ டி ஜெனிரோவின் விரிகுடாவில் குடியேறி, அந்த வெப்ப நாட்டுக்கு ‘அண்டார்க்டிக் பிரான்ஸ்’ என்று பெயர் வைத்தனர். ஜேம்ஸ் குக் 1773 ஜனவரி 17 அன்று அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தபோதும் கண்டம் அவர் கண்ணில் படவில்லை. 1820இல்தான் அது முதலில் தென்பட்டது.

நிலப்படத்தில் இறங்கிய பிறகும் வட்டம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பூமியின் அச்சுச் சாய்வு மெல்லக் குறைந்துவருவதால் ஆர்க்டிக் வட்டம் ஆண்டுக்குச் சுமார் 14.5 மீட்டர் வடக்கே நகர்கிறது. அது ஐஸ்லாந்தின் கிரிம்சே தீவைக் கடந்து செல்கிறது. அங்கே 2017இல், 3 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் உருண்டை ஒன்றைக் கோட்டின் மேல் வைத்தார்கள். கோடு நகர நகர உருண்டையையும் தீவினர் நகர்த்துகிறார்கள்.

குளிரை அளக்க இந்த வட்டம் போதாது. வெப்ப நீரோட்டத்தின் தயவால், அதற்கு வெகுவாக வடக்கே உள்ள நார்வேயின் டிராம்சோ துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அதற்குத் தெற்கே இருக்கும் கிரீன்லாந்தின் தென்முனையோ பனியாறுகள் சூழ்ந்தது. எனவே தட்பவெப்ப ஆய்வாளர்கள் ஜூலை மாதச் சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டாத பகுதியையும், தாவரவியலார் மரங்கள் வளராத பகுதியையும் ஆர்க்டிக் என்கிறார்கள். தெற்கில் அரசுகளே கோடு போட்டன: 1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கை தென் அட்சரேகை 60 பாகைக்குத் தெற்கே உள்ள அனைத்துக்கும் பொருந்தும். அதில் 1983இல் சேர்ந்த இந்தியா அங்கே மைத்ரி நிலையத்தை நடத்துகிறது. வடக்கே, நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இயங்குகிறது.