ஒட்டுறது இல்ல, கரைச்சு ஒண்ணாக்குறது: அக்ரிலிக் மீன் தொட்டியின் கதை

(எபிசோட்டின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவுக்கு அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு ஃபோன் கால்ல ஆரம்பிக்குது. போன வருஷம், ராத்திரி ரெண்டரை மணி. கீழ் வீட்டு ஆன்ட்டி. "தம்பி, எங்க ஹால் சீலிங்ல இருந்து தண்ணி சொட்டுது. உப்பு வேற கரிக்குது" அப்படின்னாங்க. உப்புன்னு எப்படித் தெரிஞ்சதுன்னு நான் கேக்கல. கேக்குற நிலைமையில இல்ல.

விஷயம் இதுதான். என் வீட்ல ஒரு சின்ன கடல் மீன் தொட்டி இருக்கு. ரெண்டு கோமாளி மீன், கொஞ்சம் பவளம். அதுக்குக் கீழ, கேபினட்டுக்குள்ள, சம்ப். நம்ம வீட்டுத் தரைக்கடியில தண்ணி பிடிச்சு வைக்கிற சம்ப் இல்ல. மேல் தொட்டித் தண்ணி கீழ இறங்கி, வடிகட்டிகளைத் தாண்டி, பம்ப் வழியா திரும்ப மேல போற ஒரு பெட்டி. கடையில கேட்ட விலை எனக்குக் கட்டல. எஞ்சினியரிங் படிச்சிருக்கோமே, ஒரு பெட்டி பண்ண முடியாதான்னு அக்ரிலிக் ஷீட் வாங்கி நானே பண்ணேன். அந்தப் பெட்டியோட ஒரு ஜாயின்ட்தான் அன்னைக்கு ராத்திரி வாயைத் திறந்துச்சு.

ஆன்ட்டி வீட்டு சீலிங்குக்கு பெயின்ட் அடிச்சுக் குடுத்ததுக்கப்புறம், "ஏன் விட்டுச்சு"ன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல் 1830கள்ல சிசிலித் தீவுல போய் நின்னுச்சு.

அங்க மெசினான்னு ஒரு துறைமுக ஊர். ழான் வில்ப்ரூ-பவர், 1794ல பிரான்ஸ்ல ஒரு கிராமத்துல பிறந்தவங்க. பாரிஸ்ல தையல் வேலை பார்த்தாங்க. ஒரு வியாபாரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மெசினாவுக்கு வந்து, தானாவே இயற்கை அறிவியல் படிச்சாங்க. அப்போ விஞ்ஞானிகளுக்குள்ள ஒரு சண்டை ஓடிட்டு இருந்துச்சு. ஆர்கனாட்னு ஒரு ஆக்டோபஸ் வகை. அழகான மெல்லிய ஓட்டுக்குள்ள இருக்கும். அந்த ஓட்டை அது தானே கட்டுதா, இல்ல துறவி நண்டு மாதிரி அடுத்தவன் வீட்ல குடியேறுதா?

செத்த உயிரை சாராயத்துல போட்டுப் பார்த்தா இதுக்கு பதில் கிடைக்காது. உயிரோட, நாள் கணக்கா பார்க்கணும். அதுக்கு ஒரு பெட்டி வேணும். கடையில கிடையாது. அதனால 1832 வாக்குல இவங்களே வடிவமைச்சாங்க: வீட்டுக்குள்ள வைக்க ஒரு கண்ணாடித் தொட்டி, கடலுக்குள்ள இறக்க கூண்டுகள். அப்புறம் அந்த ஓட்டை லேசா உடைச்சு விட்டுப் பார்த்தாங்க. ஆர்கனாட் தன் உடம்புல சுரக்குற பொருளை வெச்சு, உடைஞ்ச இடத்தைத் தானே சரி பண்ணிக்கிச்சு. சண்டை முடிஞ்சது. வீடு அதோடதுதான்.

இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. தான் எதால ஓட்டைக் கட்டுச்சோ, அதே பொருளால சரி பண்ணுது. திரும்ப வருவோம்.

அதுக்கப்புறம் கதை இங்கிலாந்துக்குப் போகுது. அங்க கண்ணாடி மேல இருந்த வரியை 1845ல எடுத்தாங்க. கண்ணாடி விலை இறங்குச்சு. 1850ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர், தங்க மீன், நீர்ச்செடி, நத்தை மூணையும் ஒரே தொட்டியில சமநிலையில வெச்சுக்கலாம்னு காட்டினார். 1853 மே மாசம் லண்டன் விலங்குக் காட்சிசாலையில மீன் காட்சியகம் திறந்தாச்சு. அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதின புத்தகம் வந்து, வீட்டுக்கு வீடு தொட்டி வைக்குற பைத்தியம் பிடிச்சுது.

ஆனா அந்தக் காலத் தொட்டிகளோட பலவீனம் மூலைகள். இரும்பு இல்லன்னா மரச் சட்டம், கண்ணாடி, நடுவுல புட்டி. புட்டி காஞ்சா வெடிக்கும். கடல் தண்ணி இரும்பைத் தின்னுடும். ரொம்ப நாளைக்கு இந்த மூலைக்கு சரியான விடை இல்ல. 1960கள்ல சிலிகோன் சீலன்ட் பரவலா கிடைக்க ஆரம்பிச்சப்பதான் சட்டமே இல்லாத முழுக் கண்ணாடித் தொட்டி சாதாரணமாச்சு. சிலிகோனும் கண்ணாடியும் வேதியியல்ல சொந்தக்காரங்க. ரெண்டுலயும் சிலிகானும் ஆக்சிஜனும் கைகோத்திருக்கும். அதான் அந்தப் பிடி.

இதுக்கு நடுவுல, மீனுக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல அக்ரிலிக் வளர்ந்துட்டு இருந்துச்சு. ஜெர்மனியில ஓட்டோ ரோம் 1901ல தன்னோட முனைவர் பட்ட ஆய்வையே அக்ரிலிக் சேர்மங்கள் மேலதான் பண்ணார். ஆனா சோறு போட்டது வேற தொழில். அப்போ தோல் பதனிட நாய்ச் சாணம் பயன்படுத்துவாங்க. அதுக்கு மாற்றா ஒரு நொதியைக் கண்டுபிடிச்சு, 1907ல ஓட்டோ ஹாஸ்கூட சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சார். அக்ரிலிக் பக்கம் வேலை தொடர்ந்து, 1933ல பிளெக்ஸிகிளாஸ்ங்கற பேர் பதிவாச்சு. அதே சமயத்துல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனி பெர்ஸ்பெக்ஸ் கொண்டு வந்துச்சு. ரெண்டும் ஒரே பொருள்தான்: பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். கண்ணாடியோட பாதி எடைகூட இல்ல, 92 சதவீத வெளிச்சத்தை விடும், சூடு பண்ணா வளையும். இரண்டாம் உலகப் போர்ல ரெண்டு பக்கத்து விமானங்களுக்கும் இதுதான் மூடி.

போர்ல அந்த மூடி உடைஞ்சு பைலட்டுங்க கண்ணுக்குள்ள துண்டுகள் போச்சு. ஹரோல்ட் ரிட்லின்னு ஒரு கண் டாக்டர், அந்தத் துண்டுகளை உடம்பு எதிர்க்காம சும்மா விட்டுடுதுன்னு கவனிச்சார். 1949 நவம்பர் 29, லண்டன்ல முதல் முறையா கண்ணுக்குள்ள பெர்ஸ்பெக்ஸ் லென்ஸ் வெச்சார். 1992ல மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கின ஆரோலேப், இதே பொருள்ல குறைஞ்ச விலை லென்ஸ் பண்ண ஆரம்பிச்சது. உங்க தாத்தா பாட்டி கண்ணுல இருக்கறது என் சம்ப்போட ஒண்ணு விட்ட சொந்தமா இருக்கலாம். உடம்புக்குள்ள சும்மா இருக்குற பொருள் உப்புத் தண்ணியிலயும் சும்மா இருக்கும். துரு கிடையாது, தண்ணியில எதையும் கலக்காது. பவளம் வளர்க்கறவங்களுக்கு அது போதும்.

பவளத்தை வீட்ல வளர்க்குறதும் எங்கயோ ஒரு ஆய்வகத்துல ஆரம்பிச்சது இல்ல. ஜகார்த்தாவுல லீ சின் எங்னு ஒருத்தர், உயிருள்ள கடல் பாறை, காற்றுக் குமிழி, சூரிய வெளிச்சம், அவ்வளவுதான் வெச்சு வளர்த்துக் காட்டினார். 1961ல அதை ஒரு அமெரிக்க மீன் பத்திரிகையில எழுதினார். 1986ல இன்னொரு அமெரிக்கப் பத்திரிகையில ஜார்ஜ் ஸ்மிட் எழுதின தொடர், சொட்டு வடிகட்டி வெச்ச சின்ன பவளத் தொட்டியைப் பிரபலமாக்குச்சு. தடுப்புப் பலகை, ஓட்டை போட்ட தட்டு, ஓவர்ஃப்ளோ பெட்டி, அழுக்கை நுரையா பிரிச்செடுக்குற ஸ்கிம்மர் குழாய். இதுக்கெல்லாம் கண்ணாடியில ஓட்டை போட்டு மாளாது. அக்ரிலிக்கை மர வேலைக் கருவியாலயே அறுக்கலாம், துளை போடலாம். வீட்டு கேரேஜ்ல ஒரு தலைமுறையே பெட்டி பண்ணக் கத்துக்கிச்சு.

சரி, ஜாயின்டுக்கு வருவோம். எல்லாரும் "அக்ரிலிக் ஒட்டுறது"ன்னு சொல்றோம். ஒட்டுறதே இல்ல. ரெண்டு துண்டை நேரா நிறுத்தி, நடுவுல தண்ணி மாதிரி ஒரு கரைப்பானை ஊசியால விடணும். தந்துகிக் கவர்ச்சியில அதுவே இடுக்கு முழுக்க ஓடிடும். வெளிநாட்ல பெரும்பாலும் டைக்ளோரோமீத்தேன் கலந்த கரைப்பான். நம்ம ஊர் சைன்போர்டு கடைகள்ல குளோரோஃபார்ம். ஆமா, சினிமாவுல கைக்குட்டையில ஊத்துவாங்களே, அதேதான். லண்டன்ல மீன் காட்சியகம் திறந்த அதே 1853ல, விக்டோரியா ராணி பிரசவ வலிக்கு எடுத்துக்கிட்டதும் அதேதான். கல்லீரலுக்குக் கேடு, ஜன்னல் திறந்து வெச்சுத்தான் தொடணும், பக்கத்துல நெருப்பே கூடாது.

அந்தத் திரவம் ரெண்டு பரப்பையும் கரைக்கும். நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கும். அப்புறம் கரைப்பான் ஆவியாயிடும். நடுவுல பசைன்னு எதுவும் மிச்சம் இருக்காது. ரெண்டு துண்டு ஒரு துண்டாயிடும். இது ஒழுங்கா நடக்க விளிம்பு சமமா இருக்கணும், அழுத்தமும் அளவா இருக்கணும். கை தேர்ந்தவங்க அடியில மெல்லிய குண்டூசிகளை வெச்சு, கரைப்பான் விட்டு, அரை நிமிஷம் ஊற விட்டு, அப்புறம் ஊசியை உருவுவாங்க. பரப்பு நல்லா இளகினதுக்கு அப்புறம் ரெண்டும் உக்காரும்.

நான் என்ன பண்ணேன்? லேசர்ல வெட்டி வாங்கினேன். விளிம்பு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அப்படியே ஒட்டிட்டேன். லேசர் சூட்டுல விளிம்புக்குள்ள ஒரு இறுக்கம் தங்கிடும். அதுல கரைப்பான் பட்டா மயிரிழை விரிசல் வரும். சில சமயம் உடனே, சில சமயம் மாசங்கள் கழிச்சு. விளிம்பைச் சீவி எடுத்திருக்கணும், இல்லன்னா அடுப்புல 80 டிகிரி வாக்குல மெதுவா சூடேத்தி மெதுவா ஆற விட்டிருக்கணும். ரெண்டும் பண்ணல.

ஆறு மாசத்துல ஒரு மூலையில ஈரம் கசிஞ்சது. அங்கதான் பெரிய தப்பு. வெளியில சிலிகோனைப் பூசினேன். சிலிகோன் கண்ணாடியைப் பிடிக்குற மாதிரி அக்ரிலிக்கைப் பிடிக்காது. கசிவு நின்ன மாதிரி இருந்துச்சு. நானும் பாட்ச் போட்டாச்சு, டிக்கெட் க்ளோஸ்னு இருந்துட்டேன்.

அப்புறம் அன்னைக்கு ராத்திரி கரன்ட் போச்சு. பம்ப் நின்னா, மேல் தொட்டித் தண்ணி கொஞ்சம் கீழ இறங்கும். சம்ப்ல 25 சென்டிமீட்டர் இருந்த மட்டம் 35 ஆகும். தண்ணியோட தள்ளு விசை உயரத்தோட வர்க்கத்துல ஏறும். என் பெட்டி 75 சென்டிமீட்டர் நீளம். முன் பலகை மேல 23 கிலோ எடை அளவுக்கு இருந்த விசை 46 ஆச்சு. பத்து சென்டிமீட்டர் கூடினதுக்கு ரெண்டு மடங்கு. சாதாரண நாள் கணக்கு மட்டும்தான் நான் போட்டிருந்தேன்.

இதே கணக்கைப் பெருசா பார்க்கணும்னா ஜப்பானுக்குப் போகணும். ஒகினாவாவுல 2002ல திறந்த சுராவுமி அக்வேரியத்தோட பெரிய ஜன்னல் 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் தடிமன். அதே சூத்திரத்தைப் போட்டா, விசை 750 டன்னுக்கு மேல வருது. அந்தச் சுவர் ஒரே வார்ப்பு இல்ல. பல பலகைகளை அடுக்கி, பக்கவாட்டுல இணைச்சது. உள்ள திமிங்கலச் சுறா போறப்போ கண்ணுக்கு ஒரு கோடுகூடத் தெரியாது.

ஆனா தெரியாதுங்கறதே பயமுறுத்துற விஷயமும்தான். 2022 டிசம்பர் 16, விடியக்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, பெர்லின்ல ஒரு ஹோட்டல் வரவேற்பறையில இருந்த அக்வாடோம்ங்கற அக்ரிலிக் உருளைத் தொட்டி வெடிச்சுது. பத்து லட்சம் லிட்டர் தண்ணி. சுமார் 1500 மீன்கள், பெரும்பாலானது செத்துப் போச்சு. ரெண்டு பேருக்குக் காயம். பகல்ல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே வேண்டாம். புதுப்பிச்சு சில மாசம்தான் ஆகியிருந்துச்சு. 2023ல வந்த நிபுணர் அறிக்கை மூணு வாய்ப்புகளைச் சொல்லுச்சு. ஒட்டின இணைப்பு விட்டிருக்கலாம். புதுப்பிக்குற வேலையில அடிப்பக்கம் ஒரு வெட்டுக்காயம் விழுந்திருக்கலாம். இல்லன்னா காலி பண்ணின தொட்டியைத் திரும்ப நிரப்பத் தாமதமாகி, அக்ரிலிக் காஞ்சு போயிருக்கலாம். எதுன்னு அறுதியிட்டுச் சொல்ல முடியலன்னு முடிச்சுட்டாங்க. மூணுல ரெண்டு, ரிப்பேர் வேலை நடந்த காலத்தோட சம்பந்தப்பட்டதுங்கறதைக் கவனிங்க. அக்ரிலிக் தண்ணியைக் கொஞ்சம் உறிஞ்சி வெச்சிருக்கும். காயுறப்போ மேல்பரப்பு சுருங்கும், உள்பக்கம் சுருங்காது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிடும்.

நான் திரும்ப சம்ப் பண்ணப் போனப்போ, சைன்போர்டு கடை அண்ணன் பழைய பெட்டியைக் கையில வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தார். "தம்பி, ஜாயின்ட்ல வெள்ளை வெள்ளையா குமிழி இருக்கு பாருங்க. இது ஒட்டுன அன்னிக்கே விட்டுப்போச்சு. இவ்ளோ நாள் நின்னதுதான் ஆச்சரியம்" அப்படின்னார். இதை சரி பண்ண முடியுமான்னு கேட்டேன். "மேல பூசாதீங்க. நல்லா காய வெச்சு, அந்தப் பக்கத்தை அறுத்துட்டு, புது அக்ரிலிக் வெச்சு திரும்ப ஒட்டுங்க. இதுக்கு இதுதான் சேரும்."

ஆர்கனாட் ஞாபகம் வந்துச்சு. ழான் வில்ப்ரூ-பவர் அந்த ஓட்டை உடைச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சது, இங்க ஒரு சின்ன கடையில ஒரு அண்ணன் சாதாரணமா சொல்ற விஷயம். வேற பொருளால ஒட்டுப் போட்டா கசிவு மறையுது, உடைப்பு அப்படியே இருக்கு.

அறுத்தேன். விளிம்பைச் சீவினேன். ஊசி வெச்சு ஒட்டினேன். உள் மூலைகள்ல சின்ன பட்டைகளைத் தாங்கலா வெச்சேன். இந்தத் தடவை 25 சென்டிமீட்டர் இல்ல, விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்பி, ஒரு வாரம் பாத்ரூம்ல விட்டேன். தினமும் காலையில அடியில நியூஸ்பேப்பரைத் தடவிப் பார்த்தேன். எட்டாவது நாள்தான் கேபினட்டுக்குள்ள போச்சு. கோமாளி மீன் ரெண்டும் நல்லா இருக்கு. அந்த ராத்திரி செத்துப்போன ஒரு பவளம் மட்டும் திரும்ப வரல.

உங்க வீட்ல அக்ரிலிக் தொட்டி இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஃபோன் டார்ச்சை அடிச்சு ஒவ்வொரு மூலையையும் சாய்வாப் பாருங்க. பம்ப்பை நிறுத்திட்டு மட்டம் எவ்வளவு ஏறுதுன்னும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். கீழ் வீட்டு ஆன்ட்டியும் இதைக் கேக்குறாங்க. ஆன்ட்டி, சாரி, இன்னொரு தடவை.