அடிமைகளின் பாடலும் யூபிலிப் பாடகரும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள், வயல்களிலும் மறைவான ஜெபக் கூட்டங்களிலும் பாடிய பாடல்கள் ஏட்டில் எழுதப்படாதவை. ஒருவர் அடியெடுக்க, கூட்டம் மறுமொழி பாடியது. 1867இல் அவற்றுள் 136 பாடல்கள் அச்சேறின. எனினும் அக்குரல்களை இசைக்குறியீட்டில் அடக்க இயலவில்லை எனத் தொகுத்தோரே ஒப்புக்கொண்டனர்.

விடுதலை பெற்றோருக்கென 1866இல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பெற்ற ஃபிஸ்க் கல்வி நிறுவனம் விரைவில் பொருள்முடை எய்தியது. 1871 அக்டோபரில், பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் தலைமையில் இளம் பாடகர் ஒன்பதின்மர் நிதி திரட்டப் புறப்பட்டனர். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் யூபிலி ஆண்டே அவர்களுக்குப் பெயராயிற்று. ஆயினும் பெற்றோரின் பாடல்களை மேடையில் பாட அவர்கள் முதலில் தயங்கினர். அவை அடிமைத்தனத்தை நினைவூட்டின. பெற்றோருக்கோ அவை புனிதமானவை என்று அவர்களுள் ஒருவரான எலா ஷெப்பர்ட் பின்னர் எழுதினார்.

தயங்கிப் பாடிய அப்பாடல்களே கேட்போரை ஈர்த்தன. 1873இல் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் அவை ஒலித்தன. அவை ஈட்டிய பொருளால் எழுந்த யூபிலி மண்டபம் 1876இல் திறக்கப்பட்டது. ஆனால் மேடைக்கேற்பப் பாடல்கள் செப்பனிடப்பட்டன. மறுமொழி பாடிய கூட்டத்தின் இடத்தில், கட்டணம் செலுத்திக் கேட்போர் அமர்ந்தனர்.

மக்களின் பாடலை ஆராதனையில் ஏற்கும் திருச்சபை இதனைச் சிந்தித்தல் வேண்டும். மெட்டை ஏற்று, அதைப் பெற்றெடுத்த துன்பத்தை மறப்பது ஏற்றல் ஆகாது.